ஹெல்மெட் கையில் இருந்தால்

ஹோலுப் ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது சாக நினைத்தால் சனிக்கிழமை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். தூக்க ஆள் கிடைக்காது. டாக்டர், பாதிரியார், தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர், பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருக்கும் பெண் என்று எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில்தான் இருப்பார்கள். எங்கள் அமெரிக்க ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர்தானே தவிர, பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவது ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் தலையால்தான் ஆட்டம். எங்கள் பையன்களின் ஹெல்மெட்டில் இரண்டு பக்கமும் கிடாக் கொம்பு வரைந்திருப்பது சும்மா அழகுக்கு இல்லை.

ரீட் குபாலா அன்று வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். போன வருஷம் வரை அந்த வாசல் பக்கம் அவன் வந்ததே இல்லை. உடை மாற்றும் அறையிலிருந்து, பேண்டு முழங்க, ஊரே எழுந்து நிற்க ஓடி வந்தவன் அவன். டிக்கெட் கிழித்த மிஸ்டர் ஓர்சாக் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"நீயெல்லாம் டிக்கெட் வாங்கற காலம் வந்துடுச்சா? எப்படா கெளம்புற?"

"நாளைக்குக் காலைல."

"தம்பி ஆட்டத்தப் பாத்துட்டுப் போ. உன்னவிட நல்லா முட்டுறான்."

ரீட்டும் சிரித்துவைத்தான். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. மைதானத்து விளக்குகளை அதற்குள் போட்டுவிட்டார்கள். அவன் கறுப்புக் கண்ணாடியை மேலே தள்ளி மூக்கில் அழுத்திக்கொண்டான். போன அக்டோபரிலிருந்து அந்த விளக்கு அவன் கண்ணுக்குள் ஊசியாக இறங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கும் வித்தையில் அவன் பெரிய ஆள்.

தின்பண்டக் கடையில் அவன் அம்மா டார்லீன் குச்சியில் குத்திய சாஸேஜ் விற்றுக்கொண்டிருந்தாள். ஆட்டக்காரப் பிள்ளைகளின் அம்மாக்கள் முறை வைத்து நிற்கும் கடை அது.

"கண்ணாடியக் கழட்டுடா. சினிமாக்காரன்னு நெனப்பா?"

"அழுதா தெரியக்கூடாதுல்லம்மா."

"நீ அழுவியாக்கும்! வண்டிக்கு மேல தார்ப்பாய் கட்டினியா? மழை வரும்ங்கறான்."

"கட்டிட்டேன். நானும் நோலனும்."

உண்மையில் கட்டியது தம்பி நோலன்தான். ரீட் குனிந்தால் தலை சுற்றும். நாளைக்கு இருநூறு மைல் தள்ளி இருக்கும் விவசாயக் கல்லூரியில் சேரப் போகிறவனுக்கு, ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகிறது. எழுத்து நிற்கிற இடத்தில் நிற்பதில்லை. படித்து முடித்த வரி, அடுத்த வரிக்குப் போவதற்குள் கழன்று விழுந்துவிடுகிறது. கல்லூரிப் படிவங்களை எல்லாம் ராத்திரிகளில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக் காட்டியது நோலன். அண்ணன் தம்பி இரண்டு பேர் தவிர இது யாருக்கும் தெரியாது. அங்கே போய் என்ன செய்யப் போகிறான் என்று ரீட்டுக்கே தெரியாது. ஆனால் ஹோலுப்பிலேயே இருந்தால், அவன் ஏன் போகவில்லை என்று ஊர் கேட்கும். அதற்குப் போய்விடுவது மேல்.

நோலனுக்குப் பதினாறு வயது. இந்த வருஷம் ரீட்டின் நாற்பத்து நாலாம் எண் சட்டை அவனுக்கு வந்திருந்தது. அந்தப் பையனின் ஞாபகசக்தி ஊருக்கே வேடிக்கை. ஊரில் உள்ள ஒவ்வொரு வண்டியின் நம்பரும் அவனுக்குத் தெரியும். நம்பரைச் சொன்னால் ஆளைச் சொல்வான், ஆளைச் சொன்னால் நம்பரைச் சொல்வான். கல்யாண விருந்துகளில் அவனை நடுவில் நிறுத்தி, பெரியவர்கள் பந்தயம் கட்டுவார்கள்.

அப்பேர்ப்பட்டவன், போன வாரம் ஐந்து வார்த்தைகளைத் திரும்பச் சொல்லும் பரீட்சையில் மூன்றுதான் சொன்னான்.

அது இப்படி. ஒவ்வொரு ஆகஸ்டிலும், ஆட்டங்கள் தொடங்குமுன், பிள்ளைகளின் உடம்பைக் கவனிக்கும் மிஸ் கான்ட்டூ ஒவ்வொருவனையும் நூலகத்தில் உட்காரவைத்து வார்த்தை சொல்வார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார், எவ்வளவு தேறுகிறான் என்று எழுதிவைப்பார். நல்ல தலையோடு இருக்கும்போது இவன் இவ்வளவு என்று ஒரு கணக்கு. ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி அதே பரீட்சை. குறைந்தால் வெளியே உட்கார வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய வகுப்புப் பையன்கள் சின்ன வகுப்புப் பையன்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கும் ஒரே பாடம் அதுதான். நோலனுக்கு ரீட் சொல்லிக்கொடுத்தான். இரண்டு வருஷத்துக்கு முன், பின்கட்டில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே.

"மொதல் பரீட்சையிலயே முட்டாளா இருந்துடுடா. அப்புறம் அதுக்குக் கீழ எறங்க எடமே இருக்காது."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன அக்டோபரில் ரீட் தலைசுற்றி நின்றபோது அந்தப் பொய் எண்தான் அவனை மறுபடி மைதானத்துக்குள் அனுப்பியது. அன்றும் சிரித்தான்.

ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதி பாதி ஓடியபோதுதான் அது நடந்தது. எதிர் அணிக்காரன் பந்தோடு நடுவில் பாய்ந்தான். நோலன் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய் மோதினான். அந்தச் சத்தம் ஊருக்கே பிடிக்கும். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். எதிராளி மல்லாந்து கிடந்தான். நோலன் எழுந்து நடந்தான், தன் ஆட்களிடமே சரியாகப் போய் நின்றான். அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ரீட்டுக்குத் தோன்றியது. நோலன் கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். எல்லாம் தன்னுடையதுதானா என்று சரிபார்க்கிறவனைப் போல. அக்டோபரில் ரீட்டும் அதைத்தான் செய்தான்.

அவன் படிகளில் இறங்கி வேலியோரம் வந்தான். மிஸ் கான்ட்டூவும் சும்மா இருக்கவில்லை. அடுத்த இடைவெளியில் நோலனைக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணுக்குள் சின்ன டார்ச் அடித்தார்.

"வாளி, மெழுகு, எலுமிச்சை, கூடாரம், விரல். சொல்லு."

"வாளி... எலுமிச்சை... விரல்."

அவர் கோப்பைப் புரட்டினார். முகத்தைச் சுளித்தார். "ஆகஸ்ட்லயும் மூணுதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு அவன் முதுகில் தட்டி அனுப்பினார்.

ரீட் வேலியைத் தாண்டிக் குதித்தான். கோட்டோரத்தில் அவன் அப்பா யூஜின் நின்றுகொண்டிருந்தார். பந்து எவ்வளவு தூரம் முன்னேறியது என்று பத்து கெஜம் அளக்கும் சங்கிலியின் ஒரு முனைக் கம்பம் இருபது வருஷமாக அவர் கையில்தான்.

"எங்கடா போற?"

"மிஸ்ஸப் பாக்கணும்ப்பா. நோலனுக்குத் தலை சரியில்ல."

"அவங்க பாத்துட்டுத்தான அனுப்பினாங்க?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "மேல மூணாவது வரிசைல நீலத் தொப்பி தெரியுதா? யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்க வந்திருக்கான், உன் தம்பியப் பாக்க. உனக்கு அந்த மாதிரி ஒருத்தனும் வரல. நாளைக்கு ஊரவிட்டுப் போறவன் நீ. போற போக்குல கல்லெறிஞ்சிட்டுப் போகாத."

நடுவர் விசில் ஊதினார். அப்பா கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரீட் நின்ற இடத்திலேயே நின்றான். ஒரு தடவை பந்து நகர்ந்தது, நோலன் ஒருவனைத் தள்ளினான். இன்னொரு தடவை நகர்ந்தது, நோலன் இடித்தான். அதற்கு மேல் நிற்க முடியாமல் ரீட் மிஸ் கான்ட்டூவிடம் போனான்.

"மிஸ். அந்த ஆகஸ்ட் நம்பர் பொய்."

மிஸ் கான்ட்டூ திரும்பினார். "என்ன சொல்ற?"

"வேணும்னே கொறச்சு சொன்னான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எத்தன பேரு இப்படி?"

"எல்லாருமேதான் மிஸ்."

அவர் ஒன்பது வருஷமாக அந்த எண்களை எழுதி வருகிறவர். கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். அதைத் தரையில் எறிந்துவிடுவார் என்று ரீட் நினைத்தான். எறியவில்லை.

"உன்னோடதும் பொய்யா?"

சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. கேட்கவேண்டியவர் கேட்கிறார். வாயைத் திறந்தால் போதும்.

"இல்ல மிஸ். என்னோடது சரியான நம்பர்தான்."

நோலன் கோட்டுக்கு வெளியே வந்ததும் மிஸ் கான்ட்டூ அவன் ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். எங்கள் மைதானங்களில் அதுதான் தீர்ப்பு. ஹெல்மெட்டை எடுத்துவிட்டால் ஆட முடியாது. ஹெல்மெட் கையில் இருந்தால் ஆடலாம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு அலறல். சின்ன வகுப்பு ஆட்டக்காரப் பையன் ஒருவனின் முழங்காலுக்குக் கீழே கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கோச் ஸ்டோவால் அங்கேதான் ஓடினார். மிஸ் கான்ட்டூவும் ஓட வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை ரீட்டின் நெஞ்சில் அழுத்தினார்.

"யாருக்கும் குடுக்காத. அவன் அழுதாலும் சரி, உங்கப்பா கேட்டாலும் சரி, கோச்சே வந்தாலும் சரி. நான் வர்ற வரைக்கும்."

"சரி மிஸ்."

அவர் வரவில்லை. அந்தப் பையனின் காலைப் பிடித்தபடியே ஆம்புலன்ஸில் ஏறிப் போகவேண்டி வந்தது. அந்த அலறலில் கோச்சிடம் நோலனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இடைவேளையில் பேண்டு மைதானத்துக்குள் இறங்கியது. பிள்ளைகள் கொட்டகைப் பக்கம் போனார்கள். நோலன் மட்டும் தண்ணீர்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் ரீட்டைத் தேடி வந்தான்.

"குடு."

"மாட்டேன்."

"டேய், வெளையாடாத. அந்த நீலத் தொப்பிக்காரன் பாதி ஆட்டத்துக்கா வந்திருக்கான்? குடுடா."

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"அப்பா வண்டி நம்பர் சொல்லு."

நோலன் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. "நீ என்ன போலீஸா?" என்றான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"நோலன், கேளு. இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வெளக்கப் பாக்க முடியாது. ஒரு வரி நிக்காது. என் நெலம உனக்கு வேணாம்டா."

"நீ அனுபவிச்சிட்ட. நாலு வருஷம் ஆடின. எனக்கு மட்டும் வேணாமா?" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வேறு குரலில் பேசினான். "சரி, வச்சுக்க. நான் நேரா கடைக்குப் போயி அம்மாகிட்ட சொல்றேன். அந்தக் காலேஜ் ஃபாரமெல்லாம் யாரு படிச்சுக் காட்டினதுன்னு சொல்றேன். ராத்திரி பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டு நீ எதுக்கு வாந்தி எடுக்குறன்னு சொல்றேன். நாளைக்கு நீ எப்படிப் போறன்னு பாத்துடுவோம்."

"சொல்லமாட்ட."

"அம்மா அங்கதான் நிக்குது. சொல்லவா?"

ரீட் கடைப்பக்கம் பார்த்தான். அம்மா யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டு சிரித்தாள். வண்டி நிறையச் சாமான் கட்டியிருக்கிறது. மெத்தை, விளக்கு, அம்மா வாங்கிக் கொடுத்த புதுத் துண்டுகள். இன்னும் பன்னிரண்டு மணி நேரம். அதைத் தாண்டிவிட்டால் அவன் தலையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். இன்னும் பாதி ஆட்டம்தானே, நானும் ஆடினேனே, சாகவில்லையே என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. எனக்கு ரீட்டைச் சின்ன வயசிலிருந்து தெரியும். கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் செய்கிற கெடுதல் கெட்டவன் செய்வதைவிடக் குறைவு என்று யாரும் நினைக்கவேண்டாம்.

அவன் ஹெல்மெட்டை நீட்டவில்லை. நோலன் பிடுங்கவும் இல்லை. ரீட் பிடியைத் தளர்த்தினான். அவ்வளவுதான்.

கோச் ஸ்டோவால், "மிஸ் பாத்துட்டாங்களா?" என்று கேட்டார். நோலன் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினான். கோச் தலையாட்டினார்.

இரண்டாவது பாதியில் நோலன் எத்தனை தடவை மோதினான் என்று ரீட் எண்ணினான். பதினான்கு. எண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஹோலுப் ஜெயித்தது. நீலத் தொப்பிக்காரர் இறங்கி வந்து நோலனின் கையைக் குலுக்கினார். அப்பா சங்கிலியைச் சுருட்டிப் போட்டுவிட்டு மூத்தவனை முதுகில் அறைந்தார். "பாத்தியா? நீ என்னவோ பயந்தியே. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடு."

படுக்கப் போகும்போது ரீட்டின் போனில் மிஸ் கான்ட்டூவிடமிருந்து இரண்டு வரி வந்திருந்தது. அதைப் படிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. நோலன் எப்படி இருக்கிறான், ஹெல்மெட் உன்னிடம்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தார். ரீட் "ஆமா மிஸ்" என்று அனுப்பினான்.

காலையில் அம்மா சமையலறையில் வழிக்குப் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா வண்டி டயரை உதைத்துப் பார்த்தார். ரீட் இஞ்சினைப் போட்டுவிட்டு, தம்பியிடம் சொல்லிக்கொள்ள ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். நோலன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"யாரு வண்டிடா இது?" என்றான் நோலன்.

ரீட் சிரித்தான். "ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல, நல்லா இருக்கு. யாரோடது?"

"நேத்து நீதான தார்ப்பாய் கட்டின?"

நோலன் தார்ப்பாயைப் பார்த்தான். மரியாதைக்குச் சிரித்தான், தெரியாதவர்களிடம் சிரிப்பதுபோல. "எங்கயாச்சும் போறியா?" என்று கேட்டான். ரீட் பதில் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு வண்டிடா இது?" என்றான் மறுபடி. அவனுடைய ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

ரீட் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினான்.

ஆஸ்பத்திரி நாற்பது மைல். வழியிலேயே, வண்டியை ஓட்டிய அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ரீட் எல்லாவற்றையும் சொன்னான். பரீட்சைப் பொய், ஹெல்மெட், மிஸ்ஸிடம் அனுப்பிய பதில். தன் தலையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தம்பி என்ன சொல்லி மிரட்டினான் என்பதையும் விழுங்கிவிட்டான். நோலன் நீலத் தொப்பிக்கு ஆசைப்பட்டுக் கேட்டான், பாவமாக இருந்தது, கொடுத்துவிட்டேன் என்றான். அப்பா வண்டியை இன்னும் வேகமாக விரட்டினார். அம்மா பின்சீட்டில் நோலனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கேட்கும் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் அறை காலியாவதற்குள் ஒரு இளம் டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். கதவோரம் மிஸ் கான்ட்டூ. ராத்திரி முழுக்க அதே ஆஸ்பத்திரியில், கால் உடைந்த பையனோடு இருந்திருக்கிறார். அவர் ரீட்டைப் பார்க்கவில்லை.

"அஞ்சு வார்த்த சொல்றேன், நோலன். அப்புறம் கேப்பேன்," என்றாள் டாக்டர். "சாவி, மேகம், வெண்ணெய், குதிரை, ஜன்னல்." பிறகு, இது என்ன மாதம், எந்த ஊர், நேற்று என்ன நடந்தது என்று கேட்டாள். நோலன் மூன்றுக்கும் சிரித்தான்.

"சரி, இப்ப அந்த அஞ்சையும் சொல்லு."

"எந்த அஞ்சு?"

சுவரோரம் நின்ற அப்பாவின் உதடுகள் அசைந்தன, மேடையில் பேச்சு மறந்த பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிறவரைப் போல. சாவி, மேகம், வெண்ணெய், குதிரை, ஜன்னல். தம்பிக்காக ரீட்டின் உதடும் தானாக அசைந்தது. சாவி. குதிரை. அங்கேயே நின்றது. அவன் திரும்பவும் தொடக்கத்திலிருந்து முயன்றான். சாவி. குதிரை.

தலையை நிமிர்த்தினான். அம்மா கட்டிலில் இருந்த மகனைப் பார்க்கவில்லை. இவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி மூணும் சொல்லு, ரீட்," என்றாள்.